முடக்குவாதமும் தலைசுற்றலும் சேர்ந்து வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் எனப்படும் முடக்குவாதம் எனக்குப் பல வருடங்களாக இருக்கிறது. பிறகு தலைசுற்றலும் வந்து சேர்ந்தது. மூட்டு டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பவை, தெரிந்தவர்கள் போனில் கேட்பவை ஆகியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முடக்குவாதக்காரருக்குத் தலை சுற்றினால் மற்றவர்களுக்குச் செய்வதை அப்படியே செய்துவிடக் கூடாது. கழுத்தையும் மாத்திரைப் பட்டியலையும் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். லூபஸ், சோக்ரன் போன்ற மற்ற ஆட்டோ இம்யூன் நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லை தனித்தனி நோயா?

சிலருக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு, பலருக்குச் சுற்றுவழியில் உண்டு, சிலருக்குச் சம்பந்தமே இல்லை. உங்களுக்கு எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. ஒன்று உள்காது, இரண்டாவது கண், மூன்றாவது பாதமும் மூட்டுகளும் கழுத்தும் தரும் உணர்வு. மூன்று கல் வைத்த அடுப்பில் ஒரு கல் ஆடினால் பானையைச் சமாளித்துவிடலாம், இரண்டு ஆடினால் முடியாது. மற்றவர்களுக்கு உள்காது மட்டும் கெடும்போது கண்ணும் காலும் தாங்கிப் பிடிக்கின்றன. நமக்கோ பாதத்துச் சிறு மூட்டுகளும் கணுக்காலும் முழங்காலும் ஏற்கெனவே வீங்கித் தேய்ந்திருக்கலாம். ஸ்டீராய்டு நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் கண்ணில் புரை வந்திருக்கலாம். அதனால் அடுத்த வீட்டுக்காரருக்கு லேசாக வந்து போகும் அதே தலைசுற்றல் நம்மைச் சுவரைப் பிடித்து நடக்க வைக்கிறது. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இப்படி?" என்று யாராவது கேட்டால் மனம் தளர வேண்டாம். உங்கள் உடம்புக்கு அது சின்ன விஷயம் இல்லை.

நேரடிச் சம்பந்தமும் உண்டு. நடுக்காதில் இருக்கும் மூன்று நுண்ணெலும்புகளுக்கு இடையில் உள்ள இணைப்புகளும் விரல் மூட்டு போல சவ்வு உள்ள மூட்டுகள்தான். முடக்குவாதம் உள்ளவர்களில் உள்காது சார்ந்த செவித்திறன் குறைவு மற்றவர்களைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்புறம் எலும்புத் தேய்வு இருக்கிறது. நாள்பட்ட அழற்சி, ஸ்டீராய்டு, வெயிலில் நடமாட முடியாமை எல்லாம் சேர்ந்து எலும்பை மெலியவைக்கின்றன. எலும்பு மெலிந்தவர்களுக்கும் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் படுக்கையில் புரண்டால் சுற்றுகிற வகைத் தலைசுற்றல் அதிகமாக வருகிறது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது? 'தலை சுற்றுகிறது' என்றால் உடனே மாத்திரை எழுதிவிடுகிறார்.

எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் வருகிறது, கூட என்ன வருகிறது என்ற மூன்றையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

படுக்கையில் திரும்பும்போதோ, படுக்கும்போதோ, மேல் அலமாரியைப் பார்க்கும்போதோ அறையே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் அது பெரும்பாலும் உள்காதுத் துகள் இடம் மாறியதால் வருவது. 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றி, ஒரு காது அடைத்து, இரைச்சல் கேட்டு, அந்தக் காதில் கேட்கும் திறனும் ஏறி இறங்கினால் மெனியர் நோயை நினைப்பார்கள். சில நிமிடங்களிலிருந்து மூன்று நாள் வரை நீடித்து, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போனால், முன்பு ஒற்றைத் தலைவலியும் இருந்திருந்தால், தலைவலி இல்லாத நாளிலும் அது மைக்ரேன் தலைசுற்றலாக இருக்கலாம். நாள்கணக்கில் விடாமல் சுற்றி வாந்தியும் வந்தால் உள்காது நரம்பின் அழற்சி. ஆனால் பக்கவாதமும் இப்படியே தொடங்கலாம் என்பதால் இதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டினால் ரத்த அழுத்தம் இறங்குவது காரணமாக இருக்கலாம். எதுவுமே சுழலவில்லை, ஆனால் நடக்கும்போது, அதிலும் இருட்டில், கால் நிலை கொள்ளவில்லை என்றால் பாத உணர்வோ இரண்டு காதுகளுமோ பாதிக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டு வகை ஒருவருக்கே இருப்பதும் சகஜம். அப்படியானால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சுற்றும்போது வீட்டில் யாரையாவது உங்கள் கண்களை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கருவிழி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதைப் பார்த்தாலே காது டாக்டருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். இதற்குச் செலவும் கிடையாது.

படுக்கையில் புரண்டால் சுற்றுவது ஏன்? அது எப்படிச் சரியாகும்?

உள்காதில் ஒரு பையில் சுண்ணாம்புச் சத்தாலான நுண்ணிய துகள்கள் ஒட்டியிருக்கும். அவை கழன்று பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாயில் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் துகள் உருண்டு குழாயில் உள்ள திரவத்தைத் தள்ளும். தலை நின்ற பிறகும் சுற்றுவதாக மூளைக்குச் செய்தி போகும். பெரும்பாலும் பின்பக்கக் குழாயில்தான் இது நடக்கிறது. எந்தக் காது என்று கண்டுபிடிக்கும் சோதனையை 1952-ல் லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்தார்கள். தலையை வரிசையாகத் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகும் முறையை அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜான் எப்லி 1992-ல் வெளியிட்டார். பல வருடம் அவரை மற்ற டாக்டர்கள் நம்பவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க முதல் சிகிச்சை அதுதான். கருவியோ மருந்தோ தேவையில்லை, சில நிமிடங்களில் முடியும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு முறையிலேயே அடங்கிவிடுகிறது. முடிந்த பிறகு இரண்டு நாள் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். அது தேவையில்லை என்பதே இப்போதைய வழிகாட்டுதல். தோளும் கழுத்தும் வலிக்கும் நமக்கு இது நல்ல செய்தி.

அப்படியானால் நானும் எப்லி செய்துகொள்ளலாமா? யூடியூபில் வீடியோ இருக்கிறதே?

செய்துகொள்ளலாம், ஆனால் கழுத்தைப் பார்த்த பிறகு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

முடக்குவாதம் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் உள்ள மூட்டையும் தாக்கும். அங்கே எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைநார் தளர்ந்தால், குனிந்து நிமிரும்போது மேல் எலும்பு முன்னே நழுவித் தண்டுவடத்தை நெருக்கலாம். நீண்ட காலமாக நோய் உள்ளவர்கள், கைமூட்டுகள் கோணியவர்கள், சரியான மருந்து இல்லாமல் பல வருடம் கழித்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். வலியே இல்லாமலும் இருக்கலாம் என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். வழக்கமான டிக்ஸ் ஹால்பைக் சோதனையிலும் எப்லி முறையிலும் தலையை 45 டிகிரி திருப்பி, கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கவிடுவார்கள். எப்லியில் பிறகு மறுபக்கமும் திருப்புவார்கள். தளர்ந்த கழுத்தை அப்படித் திருப்பக் கூடாது.

அதனால் முதலில் ரூமட்டாலஜி டாக்டரிடம் (மூட்டு டாக்டரிடம்), "என் கழுத்து எக்ஸ்ரே எடுத்திருக்கிறோமா? எப்லி செய்ய என் கழுத்து தாங்குமா?" என்று கேளுங்கள். கழுத்தை நேராக வைத்து மட்டும் எடுத்த எக்ஸ்ரேயில் நழுவல் தெரியாமல் போகலாம். கவனமாகக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் படங்களில்தான் தெரியும். பின்தலையில் ஏறும் வலி, குனிந்தால் முதுகுத்தண்டில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, கை மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியாமை, புதிதாக நடை தடுமாறுவது, சிறுநீர் போவதில் மாற்றம் ஆகியவற்றில் எது இருந்தாலும் யாரையும் கழுத்தைத் தொட விடாதீர்கள். எம்ஆர்ஐ தேவைப்படலாம். முடி வெட்டும் கடையில் கழுத்தைச் சொடக்கு எடுப்பது, எண்ணெய் போட்டு நீவிக் கழுத்தைத் திருகுவது இரண்டும் முடக்குவாதக்காரருக்கு எந்த நாளிலும் வேண்டாம்.

கழுத்து சரியில்லை என்றால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். தலையைத் தொங்கவிடாமல் பக்கவாட்டில் படுக்க வைத்துச் சோதிக்கும் முறை உண்டு. தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் சாய்க்கும் செமோன் முறையும் உண்டு. கட்டிலையே சாய்த்து வைத்து, கழுத்து வளையாமல் எப்லி செய்கிற இடங்களும் இருக்கின்றன. தோள்பட்டையோ இடுப்போ தாங்காவிட்டால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முட்டிபோட்டுக் குனிந்து செய்யும் ஒரு முறை வீடியோக்களில் சுற்றுகிறது. வீங்கிய முழங்காலும் மணிக்கட்டும் உள்ளவர்களுக்கு அது ஏற்றதில்லை.

கழுத்து நன்றாக இருக்கிறது என்று தெரிந்து, எந்தக் காது என்றும் டாக்டர் சொல்லிவிட்டால், அவர் முன்னால் ஒருமுறை செய்து பழகிய பிறகு வீட்டில் செய்யலாம். தவறான காதுக்குச் செய்தால் பலன் இருக்காது. வீடியோவைப் பார்த்துத் தனியாக இருக்கும்போது தொடங்காதீர்கள்.

எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம், அதனால்தான் தலைசுற்றல் என்று காலர் கொடுத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் தலைசுற்றல் என்று போனாலே கழுத்து எக்ஸ்ரே எடுத்து, "தேய்மானம்" என்று எழுதி, காலர் மாட்டிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பெரும்பாலோருடைய எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியத்தான் செய்யும். சாதாரணத் தேய்மானம் அறை சுழல்வது போன்ற தலைசுற்றலைத் தருவது அரிது. முடக்குவாதத்தால் கழுத்து எலும்பு நழுவுவது முற்றிலும் வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காலர் உங்களுக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எலும்பு நழுவலுக்காகக் கொடுத்திருந்தால் நீங்களாகக் கழற்றாதீர்கள்.

தலை சுற்றுவதோடு காதும் மந்தமாகிறது. வயதாகிவிட்டதா?

இதை வயதின் மேல் போட்டுத் தள்ளிவைக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தி உள்காதையே தாக்கும் நோய் ஒன்று இருக்கிறது. 1979-ல் மெக்கேப் என்ற காது மருத்துவர் முதன்முதலாக அதைத் தனி நோயாக விவரித்தார். வாரங்களிலும் மாதங்களிலும் இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் மளமளவென்று குறைவது அதன் அடையாளம். கூடவே இரைச்சலும் தள்ளாட்டமும் வரலாம். அரிதான நோய்தான், ஆனால் ஏற்கெனவே வேறு ஆட்டோ இம்யூன் நோய் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு கொடுத்தால் கேட்கும் திறனை மீட்க வாய்ப்பு உண்டு, தள்ளிப்போட்டால் வாய்ப்பு குறையும். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசி, காதும் மந்தமாகித் தலையும் சுற்றினால் கோகன் சின்ட்ரோம் என்ற இன்னொரு அரிய நோயையும் பார்க்க வேண்டும்.

ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அது அவசரம். அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கோ மறுநாளோ காது டாக்டரைப் பார்த்து, ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுக்கச் சொல்லுங்கள். எதுவுமே இல்லாதபோதும் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மூட்டு மாத்திரைகளால் தலைசுற்றல் வருமா?

வரும், ஆனால் அதற்காக நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, சுற்றல் எப்போது தொடங்கியது என்று இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குத் தலை கனத்து, களைத்து, தள்ளாடுவது போல இருக்கும். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. தலைசுற்றலோடு வாய்ப்புண்ணும் காய்ச்சலும் இருந்தால் மாத்திரையைச் சரியாகத்தான் எடுக்கிறோமா என்று அன்றைக்கே சரிபார்க்க வேண்டும். சல்ஃபாசலசின் தலைவலியையும் தலைசுற்றலையும் தரலாம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சிலருக்குக் காது இரைச்சலையும் தலைசுற்றலையும் தரும், சர்க்கரையை இறக்கவும் செய்யும். லெஃப்ளூனமைட் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், பாத நரம்புகளையும் பாதிக்கலாம். பாதம் மரத்தால் நடை ஆடும். வலிக்காகச் சேர்த்துத் தரும் பிரிகாபலின், டிரமடால், அமிட்ரிப்டிலின் மூன்றுமே தலையைச் சுற்றவைப்பவை. இரவு மாத்திரையால் காலையில் தள்ளாட்டம் இருந்தால் அளவைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

வலி மாத்திரையையும் ஸ்டீராய்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுத்து, எழுந்தால் கண் இருட்டினால் மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்றுப் புண் வராமல் இருக்கத் தரும் பான்டோபிரசோல் வகை மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு அந்தக் குறைவு இன்னும் சீக்கிரம் வரும். பி12 குறைந்தால் பாதம் எங்கே இருக்கிறது என்ற உணர்வே மங்கும். ரத்த சோகை, பி12, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்கான சோதனைகளை ஒருமுறையாவது செய்திருக்க வேண்டும். ஆட்டோ இம்யூன் நோய் உள்ளவர்களுக்குத் தைராய்டும் கூடவே கெடுவது சகஜம்.

கடைசியாக ஊசி. ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் ஆகியவை உள்காதை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் நமக்குத் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் சேர்வது மற்றவர்களைவிட அதிகமாக நடக்கும். உயிர் காக்க அந்த ஊசி தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் "எனக்கு ஏற்கெனவே உள்காதுப் பிரச்சினை இருக்கிறது, வேறு மருந்து உண்டா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த வரியை மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஸ்டெமெடில், ஸ்டூஜெரான், வெர்டின் எல்லாம் மாதக்கணக்கில் சாப்பிடலாமா?

முதல் இரண்டும் சுற்றலை அமுக்கும் மருந்துகள். வாந்தியோடு படுத்துக் கிடக்கும் முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு அவை பெரிய ஆறுதல். அதற்கு மேல் தொடர்ந்தால் மூளை தானாகச் சமாளிக்கக் கற்றுக்கொள்வதைத் தடுக்கும். வயதானவர்கள் நீண்ட நாள் சாப்பிட்டால் கை நடுக்கம், உடல் இறுக்கம் என்று பார்க்கின்சன் போன்ற நிலையும் வரலாம். கை விறைப்பை முடக்குவாதத்தின் கணக்கில் எழுதிவிட்டு உண்மைக் காரணத்தைப் பார்க்காமல் போகும் ஆபத்து நமக்கு இருக்கிறது. வெர்டின் என்ற பெயரில் கிடைக்கும் பீட்டாஹிஸ்டின் வேறு வகை. அதை மெனியர் நோய்க்குத் தருவார்கள். 2016-ல் வெளியான பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது கூடுதலாகப் பலன் தரவில்லை. சிலர் தங்களுக்குப் பலன் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் டாக்டர் மேற்பார்வையில் தொடரலாம். வயிற்றுப் புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள். துகள் இடம் மாறிய வகைக்கு இந்த மாத்திரைகளில் எதுவும் தீர்வு இல்லை.

காலையில் எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது. இதுவும் உள்காதா?

பெரும்பாலும் இல்லை. படுத்தபடி ஒரு முறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுதான் காரணம். தண்ணீர் குறைவாகக் குடிப்பது, ரத்த சோகை, பிரஷர் மாத்திரையின் அளவு, சோக்ரன் நோயில் தானியங்கு நரம்புகள் பாதிக்கப்படுவது எல்லாம் இதைத் தரும்.

ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் இதை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். பல வாரம் சாப்பிட்டுவிட்டு, மாத்திரை தீர்ந்துவிட்டது என்றோ முகம் உப்புகிறது என்றோ சட்டென்று நிறுத்தினால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டை உடனே சுரக்காது. கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு வரும். உயிராபத்தும் உண்டு. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த, பெயர் ஒட்டாத பொடியைச் சாப்பிட்டு நிறுத்திய பிறகு இப்படி ஆனாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

எப்போது 108-ஐ அழைக்க வேண்டும்?

தலைசுற்றலோடு முகம் கோணுதல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலம் இழத்தல், விழுங்க முடியாமை, இதுவரை அனுபவிக்காத கடுந்தலைவலி, பிடித்தாலும் நிற்க முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அழையுங்கள். முடக்குவாதம் இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் உள்ள ஆபத்தைக் கூட்டுகிறது. லூபஸ் உள்ளவர்களில் சிலருக்கு ரத்தம் உறையச் செய்யும் எதிர்ப்பொருள்களும் இருக்கும். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "பித்தம், எலுமிச்சம் பழம் பிழிந்து குடித்தால் சரியாகும்" என்று காத்திருக்கும் நேரம் அதில்தான் கழிகிறது.

காதைச் சுற்றிக் கொப்புளமும் காதுவலியும் வந்து, முகத்தின் ஒரு பக்கம் இழுத்து, தலையும் சுற்றினால் அது காதைத் தாக்கிய அக்கி. டோஃபாசிட்டினிப் போன்ற முடக்குவாத மருந்து சாப்பிடுபவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு கூடுதல். மந்திரித்துக் காவி பூச வேண்டாம், அன்றைக்கே வைரஸ் மருந்து தொடங்க வேண்டும்.

வீட்டு வேலைகளை எப்படிச் சமாளிப்பது?

விழாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மெலிந்த எலும்பு ஒரு விழுதலில் முறிந்துவிடும்.

காலையில் கண் விழித்ததும் அப்படியே எழாதீர்கள். காலை விறைப்புக்காகக் கை கால்களை அசைக்கும் அந்த நேரத்தையே இதற்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் திரும்பி, கையால் ஊன்றி உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் இருந்து, பிறகு நில்லுங்கள். பாயில் படுப்பவர்கள் முடிந்தால் கட்டிலுக்கு மாறுங்கள். தரையிலிருந்து எழுவதில் முழங்காலும் தலையும் ஒரே நேரத்தில் சோதிக்கப்படுகின்றன.

குளியலறைதான் மிக ஆபத்தான இடம். ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள். முன்னால் குனிந்து தலைக்கு ஊற்றாமல், நேராக உட்கார்ந்து ஷவரிலோ சின்னச் செம்பிலோ ஊற்றுங்கள். செம்பு கனமாக இருந்தால் மணிக்கட்டு தாங்காது, பிளாஸ்டிக் மக் போதும். சோப்புப் போடும்போது கண்ணை மூடினால் கண் வழியே வரும் செய்தி நின்று உடனே ஆட்டம் கூடும், அதனால் ஒரு கை சுவரிலோ பிடியிலோ இருக்கட்டும். பிடி பொருத்தும்போது தடிமனான குழாயாக வையுங்கள், வீங்கிய விரல்களால் மெல்லிய கம்பியை இறுக்கிப் பிடிக்க முடியாது. முடிந்தால் மேற்கத்தியக் கழிப்பறை. இரவில் விளக்கில்லாமல் நடக்கக் கூடாது. மின்வெட்டுக்குத் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு டார்ச், சுற்றி அமுக்காமல் பொத்தானைத் தட்டினால் எரிகிற வகையாக இருக்கட்டும்.

தினமும் எடுக்கும் சாமான்களை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தட்டில் வையுங்கள். பரண், மேல் அலமாரி, உயரத்தில் கட்டிய துணிக்கொடி எல்லாம் தலையை அண்ணாந்து பார்க்க வைப்பவை. கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். கோலம் போடாமல் மனம் கேட்கவில்லை என்றால் வாசலில் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து சின்னதாகப் போடலாம், எழும்போது நிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயிலில் விழுந்து கும்பிடுவதற்குப் பதில் நின்று கைகூப்பினால் போதும். சிரசாசனம், சர்வாங்காசனம், கழுத்தைச் சுழற்றும் பயிற்சி மூன்றையும் விட்டுவிடுங்கள்.

வண்டி ஓட்டலாமா?

சுற்றல் திடீரென்று வரும் காலத்தில் இருசக்கர வண்டியும் காரும் ஓட்டக் கூடாது. பின்னால் உட்கார்ந்து போவதும் அப்போது வேண்டாம். அடங்கிய பிறகு டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். பஸ்ஸில் ஓடும் திசையைப் பார்த்த இருக்கையில் உட்காருங்கள். கண்டக்டரிடம் சொல்லி, வண்டி முழுதாக நின்ற பிறகு எழுங்கள்.

மூட்டு வீங்கியிருக்கும்போது பயிற்சி எப்படிச் செய்வது?

உள்காது பலவீனமானவர்களுக்கு மாத்திரையைவிடப் பலன் தருவது பயிற்சிதான். 1940-களில் லண்டனில் காதோர்ன், குக்சி என்ற இருவர் தொடங்கிவைத்தது இன்று வளர்ந்து தனித்துறையாக இருக்கிறது. எதிரே ஒட்டிய ஓர் எழுத்தைப் பார்த்தபடியே தலையை மெதுவாக இடமும் வலமும் அசைப்பது, காலைச் சேர்த்து நிற்பது, ஒரே நேர்க்கோட்டில் நடப்பது என்று படிப்படியாகப் போகும். செய்யும்போது லேசாகச் சுற்றும். அந்த லேசான சுற்றலைப் பார்த்துத்தான் மூளை பழகுகிறது, பயந்து நிறுத்திவிட வேண்டாம். சில நிமிடங்களில் அடங்காத அளவுக்குச் சுற்றினால் மட்டும் வேகத்தைக் குறையுங்கள்.

நமக்கு இதில் மாற்றங்கள் தேவை. கழுத்து தளர்ந்திருந்தால் தலையசைப்பு டாக்டர் சொன்ன அளவுக்குத்தான். மூட்டு கனன்றிருக்கும் நாள்களில் நிற்கும் பயிற்சிகளை விட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி கண் பயிற்சியை மட்டும் செய்யுங்கள். வலி மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், காலை விறைப்பு விட்ட பிறகு செய்வது நல்லது. வெறுங்காலில் செய்யச் சொல்வார்கள். பாத மூட்டு தேய்ந்தவர்கள் பொருத்தமான செருப்போடு செய்யலாம். மூலையில் நின்று, முன்னால் ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடி இருக்கும். பிசியோதெரபிஸ்டிடம் முடக்குவாதம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லா டெஸ்டும் சரி என்கிறார்கள். ஆனாலும் மாதக்கணக்கில் ஆடுவது போலவே இருக்கிறது. வீட்டில் யாரும் நம்பவில்லை.

நான் நம்புகிறேன். இதற்கு மருத்துவத்தில் பெயரும் இருக்கிறது, பிபிபிடி (PPPD) என்பார்கள். ஒரு முறை கடுமையாகத் தலை சுற்றிய பிறகு, மூல காரணம் சரியானாலும், மூளை எச்சரிக்கை நிலையிலேயே நின்றுவிடுகிறது. மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாள்களில், நிற்கும்போதும் நடக்கும்போதும் தரை மிதப்பது போல இருக்கும். ஜவுளிக்கடையின் அடுக்குகள், திருவிழாக் கூட்டம், வேகமாக ஓடும் மொபைல் திரை எல்லாம் அதைக் கூட்டும். 2017-ல் சர்வதேச நிபுணர் குழு இதற்கான வரையறையை வெளியிட்டது. இது கற்பனை இல்லை, பைத்தியமும் இல்லை. பயிற்சி, மனநல ஆலோசனை, சில நேரம் மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரையின் சிறிய அளவு ஆகியவற்றால் குறையும். அந்த மாத்திரை எழுதினால் உங்களை நம்பவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டாருக்கு ஒன்று. மூட்டு வீங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது, தலைசுற்றல் தெரிவதில்லை. "இப்போதுதானே நன்றாக இருந்தாய்" என்று கேட்காதீர்கள். கையைக் கொடுங்கள். முழங்கையைப் பிடிக்கக் கொடுப்பது நல்லது, விரல்களை இறுக்கிப் பிடித்தால் அவர்களுக்கு வலிக்கும்.

உணவில் என்ன மாற்ற வேண்டும்?

மெனியர் என்று சொல்லியிருந்தால் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் அதில் சேரும். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் இதே அறிவுரைதான். வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2020-ல் வெளியான தென் கொரிய ஆய்வில், துகள் வகைத் தலைசுற்றல் உள்ளவர்களில் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது, மறுபடி வருவது சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எலும்புக்கும் அது தேவை என்பதால் நமக்கு இரட்டை லாபம். விரதம் இருப்பவர்கள் மாத்திரை நேரத்தையும் தண்ணீரையும் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

எந்த டாக்டரிடம் போவது?

மூட்டுக்குப் பார்ப்பவரிடம் முதலில் சொல்லி, அவர் கடிதத்தோடு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். கால் மரப்பு, இரட்டைப் பார்வை போன்றவை இருந்தால் நரம்பியல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரூமட்டாலஜிக்கும் தனித் துறை இருக்கிறது. இரண்டு டாக்டர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த இணைப்பாக நீங்கள்தான் இருக்க வேண்டும். எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, தொடங்கிய மாதம், கழுத்து எக்ஸ்ரே முடிவு, ஆடியோகிராம் இவை ஒரே கோப்பில் இருக்கட்டும். எந்த ஆபரேஷனுக்கு முன்னாலும், பல் பிடுங்கும் நாற்காலியில் சாய்வதற்கு முன்னாலும்கூட, கழுத்தைப் பற்றி மயக்க மருந்து டாக்டரிடமோ பல் டாக்டரிடமோ சொல்லுங்கள்.

ஒருமுறை சரியானது திரும்ப வருமா?

துகள் வகை பலருக்குத் திரும்ப வரும். முன்பு வேலை செய்த அதே முறை மறுபடியும் வேலை செய்யும், ஆனால் இந்த முறை மற்றக் காதாக இருக்கலாம், அதனால் சோதித்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கழுத்தைப் பற்றி மறுபடி கேளுங்கள், போன முறை பத்திரமாக இருந்த கழுத்து இப்போதும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. சுற்றும் விதம் மாறினால், அதாவது நொடிகள் மணிகளானாலோ, காது அடைத்தாலோ, சுழலாமல் தள்ளாடினாலோ, அதைப் புதிய தலைசுற்றலாக எடுத்துக்கொண்டு முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.